கின்னஸ்: டப்ளின் பீர் ஆலையின் கதை – வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். டி-சோதனை (கையிலிருக்கும் சில அளவுகளை வைத்து எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கும் கணக்கு) பாடம் வரும்போதெல்லாம் "இதைக் கண்டுபிடித்தவர் பீர் கம்பெனியில் வேலை பார்த்தவர்" என்று சொல்வேன். அதோடு அன்றைய பாடம் நின்றுவிடும், கேள்விகள் ஆரம்பிக்கும். மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோரும் கேட்டார்கள். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் நண்பர்கள் வேறொரு கோணத்திலிருந்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கின்னஸ் என்றால் சாதனைப் புத்தகம்தானே? பீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கின்னஸ் என்பது முதலில் ஒரு குடும்பத்தின் பெயர். பிறகு அந்தக் குடும்பம் அயர்லாந்துத் தீவின் டப்ளின் நகரில் நடத்திய பீர் ஆலையின் பெயர். சாதனைப் புத்தகம் அந்த ஆலையின் விளம்பரத்துக்காகப் பிறந்தது, அதுவும் ஆலை தொடங்கி ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து. நம் ஊரில் பீரைப் பார்க்காதவருக்கும் பெயர் தெரியும். சிலம்பம் சுற்றும் பிள்ளைக்குத் தெரு முழுக்க வைக்கும் பேனரில் "கின்னஸ் சாதனை முயற்சி" என்று எழுதும்போது, டப்ளினில் ஒரு பீப்பாய்க் கிடங்கு இருந்தது யாருக்கும் நினைவில் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கதை நல்ல கதை.

யார் தொடங்கியது, எப்போது?

ஆர்தர் கின்னஸ். அவருடைய ஞானத்தந்தை ஆர்தர் பிரைஸ், அயர்லாந்துத் திருச்சபையின் பேராயர். அவர் 1752-ல் இறந்தபோது ஆர்தருக்கு 100 பவுண்டு எழுதிவைத்திருந்தார். 1755-ல் லீக்ஸ்லிப் என்ற சிற்றூரில் ஆர்தர் சிறிய ஆலை ஒன்றைத் தொடங்கினார். நான்கு ஆண்டில் அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு டப்ளினுக்கு வந்தார். 1759 டிசம்பர் 31 அன்று, செயின்ட் ஜேம்ஸ் கேட் என்ற இடத்தில் மூடிக்கிடந்த பழைய ஆலையை நான்கு ஏக்கர் நிலத்தோடு குத்தகைக்கு எடுத்தார். வாடகை ஆண்டுக்கு 45 பவுண்டு. குத்தகைக் காலம் 9000 ஆண்டுகள். அச்சுப்பிழை இல்லை, ஒன்பதாயிரம்தான்.

அந்த 9000 ஆண்டுக் குத்தகை இன்னும் நடக்கிறதா?

இல்லை. ஆலை வளர வளர அந்த நிலத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் விலைக்கே வாங்கிவிட்டார்கள். குத்தகைப் பத்திரத்தை மட்டும் டப்ளினில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி உண்டு. 1775-ல் ஆலைக்கு வரும் தண்ணீரைப் பற்றி டப்ளின் மாநகராட்சிக்கும் ஆர்தருக்கும் தகராறு. கணக்குக்கு மேல் தண்ணீர் எடுக்கிறார் என்று வாய்க்காலை அடைக்க ஆட்கள் வந்தார்கள். ஆர்தர் ஒருவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, அடைத்தால் மறுபடி உடைப்பேன் என்று நின்றார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் சமரசமாக முடிந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் புரியும். ஆனால் நம்மிடம் வரிசை இருந்தது, அவரிடம் வக்கீல்கள் இருந்தார்கள்.

அந்த பீர் ஏன் கருப்பாக இருக்கிறது?

வறுத்த பார்லிதான் காரணம். பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். சாதாரண பீருக்கு அதோடு ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் தண்ணீரும் போதும். கின்னஸில் முளைகட்டாத பார்லியையும் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துச் சேர்க்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது முழுக் கருப்பு இல்லை, வெளிச்சத்தில் அடர்சிவப்பாகத் தெரியும்.

இந்த வகை பீருக்கு லண்டனில் போர்ட்டர் என்று பெயர். ஆர்தர் முதலில் ஏல் என்ற சாதாரண பீர் வகையைத்தான் காய்ச்சினார். லண்டன் போர்ட்டர் டப்ளின் சந்தையைப் பிடிப்பதைப் பார்த்து அவரும் அதைக் காய்ச்சத் தொடங்கி, 1799-ல் ஏலை அடியோடு நிறுத்திவிட்டார். நாற்பது வருடம் செய்த சரக்கைக் கைவிட்டு ஒரே சரக்கில் எல்லாவற்றையும் வைப்பது லேசான முடிவு அல்ல. 1803-ல் அவர் இறந்தார். அவருக்குப் பிறந்த 21 பிள்ளைகளில் பிழைத்தவர்கள் பத்துப் பேர்.

பிறகு எப்படி அவ்வளவு பெரிதானது?

மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று கைமாறியது. 1801-லேயே வெயில் நாடுகளுக்குக் கப்பலில் போய்க் கெடாமல் சேரவேண்டும் என்று ஹாப்ஸ் கூட்டி, மதுச்சத்தையும் ஏற்றி ஒரு போர்ட்டரைக் காய்ச்சி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் விற்கும் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்ற கின்னஸ் வகைக்கு அதுதான் மூதாதை. பேரன் பெஞ்சமின் லீ கின்னஸ் 1851-ல் டப்ளின் மேயரானார். 1862-ல் சீசாவின் மேல் யாழ் படம் ஏறியது. 1886-ல் எட்வர்ட் சிசில் கின்னஸ் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார், மதிப்பு 60 லட்சம் பவுண்டு. பங்குக்கு வந்த விண்ணப்பங்கள் அதைப் போலப் பல மடங்கு. அப்போது உலகிலேயே பெரிய பீர் ஆலை அதுதான்.

தொழிலாளர்களை நன்றாக நடத்தினார்களா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெரம்பூர்ப் பக்கத்துக்காரர்கள், பின்னி மில்லில் தாத்தாவோ அப்பாவோ வேலை பார்த்தவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கால டப்ளின் கணக்குக்கு கின்னஸ் வேலை அரசு வேலை மாதிரி. சம்பளம் ஊர்ச் சராசரியைவிட அதிகம். ஓய்வூதியம் இருந்தது, ஆலைக்குள்ளேயே மருத்துவர் இருந்தார். அந்த மருத்துவர்களில் ஜான் லம்ஸ்டன் என்பவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் குடும்பங்களின் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒற்றை அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், காசநோய் எங்கே பரவுகிறது என்று எழுதிவைத்தார். நோய்க்கு மருந்து கொடுத்தால் போதாது, வீட்டை மாற்றவேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடினார். எனக்கு அந்தக் கம்பெனி வரலாற்றில் மிகவும் மரியாதைக்குரிய இருவரில் அவர் ஒருவர். எட்வர்ட் சிசில் 1890-ல் ஏழைகளுக்கு வீடு கட்ட லண்டனுக்கு இரண்டு லட்சம், டப்ளினுக்கு ஐம்பதாயிரம் பவுண்டு கொடுத்தார்.

மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். கின்னஸ் குடும்பம் புராட்டஸ்டன்ட். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆலையின் மேல்பதவிகளில் கத்தோலிக்கர்களைப் பார்ப்பது அரிது. பீப்பாய் உருட்டியவர்கள் ஒரு கூட்டம், மேஜையில் அமர்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். 1913-ல் ஜிம் லார்கின் தலைமையில் தொழிற்சங்கம் எழுந்தபோது டப்ளின் முதலாளிகள் சேர்ந்து கதவடைப்பு செய்தார்கள். கின்னஸ் அந்தக் கதவடைப்பில் சேரவில்லை. ஆனால் அனுதாப வேலைநிறுத்தம் செய்த தன் ஆட்கள் சிலரை வேலையை விட்டு நீக்கியது.

ஐந்தே வருடம் கழித்து, 1918 ஏப்ரல் 27 அன்று, நம் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதற்கு அடித்தளம் போட்டவர்கள். 1921-ல் மில் மூடலையும் துப்பாக்கிச் சூட்டையும் அந்தச் சங்கம் பார்த்தது. முதலாளியின் தருமத்தால் கிடைத்த வீட்டையும் சங்கம் கேட்டு வாங்கிய உரிமையையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். நல்ல முதலாளி இருந்தால் நல்லது. அவர் மனம் மாறினால் என்ன செய்வது என்பதற்குத்தான் சங்கம்.

பீரை எப்படித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள்?

லிஃபி ஆற்றில் நீராவிப் படகுகளில். பாலங்கள் தாழ்வானவை என்பதால் ஒவ்வொரு பாலம் வரும்போதும் புகைபோக்கியை மடக்கிப் படுக்கவைப்பார்கள், தாண்டியதும் நிமிர்த்துவார்கள். பாலத்தின் மேல் நிற்கும் பையன்கள், "அண்ணா, திரும்பி வரும்போது கிளி கொண்டு வா!" என்று கத்துவார்களாம், ஏதோ தென்கடலுக்குப் போகும் கப்பல் மாதிரி. படகு போனதோ ஆற்று வாயில் இருந்த துறைமுகம் வரை! 1961-ல் படகுகள் நின்று லாரி வந்தது.

கடல் தாண்டிப் போகச் சொந்தக் கப்பல்களும் இருந்தன. 1913-ல் வாங்கிய முதல் கப்பல் டபிள்யூ.எம். பார்க்லி. 1917 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை மூழ்கடித்தது. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எம்டன் சுட்ட அதே போர். பார்க்லியில் பிழைத்த மாலுமிகள் மிதந்த பீப்பாய்களுக்கு நடுவே படகில் ஏறித் தப்பினார்கள். 1976-ல் மிராண்டா கின்னஸ் என்று ஒரு கப்பல் வந்தது. எண்ணூருக்கு எண்ணெய்க் கப்பல் வருவதுபோல, பீப்பாயே இல்லாமல் தொட்டி தொட்டியாக பீர் ஏற்றிச் செல்லும் முதல் கப்பல் அது.

டி-சோதனைப் பாடத்தில் வரும் "ஸ்டூடன்ட்" என்பவர் உண்மையில் யார்?

வில்லியம் சீலி காசெட். நான் மரியாதைக்குரிய இருவர் என்றேனே, இவர் இன்னொருவர். 1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்தார், 1899-ல் கின்னஸில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கின்னஸ் பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆலை நடத்தவே வேலைக்கு எடுத்தது.

அவருக்கு வந்த சிக்கல் இது. எந்த வயல் பார்லி நல்லது, எந்த ஹாப்ஸ் கெடாமல் நிற்கும் என்று சோதனை செய்கிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் பணமும் காலமும் ஆகும், ஒரு பயிருக்கு ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். அதனால் கையில் நான்கைந்து அளவுகள்தான் இருக்கும். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கான அளவுகள் இருந்தால்தான் நம்பிச் சொல்ல முடியும் என்றது. நான்கை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம்?

1906-ல் லண்டன் போய் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் ஓராண்டு படித்தார். விடையைக் கணக்கில் கண்டுபிடித்ததோடு கையாலும் சரிபார்த்தார். 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. அந்த எண்களை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) போட்டு, தன் சூத்திரம் சொன்னபடி பரவல் வருகிறதா என்று பார்த்தார். கணினி இல்லாத காலத்தில்! இன்று என் மாணவர்கள் ஒரே வரி நிரலில் செய்வதை அவர் அட்டை அட்டையாகச் செய்தார்.

1908-ல் கட்டுரை வந்தது. ஊழியர்கள் ஆலை விவரங்களை வெளியே எழுதக்கூடாது என்று கம்பெனியில் கட்டுப்பாடு இருந்தது, சொந்தப் பெயர் போடாமல் எழுதலாம் என்று இவருக்கு அனுமதி கிடைத்தது. "ஸ்டூடன்ட்" என்று கையெழுத்திட்டார். பிறகு ஆர்.ஏ. ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் அதற்கு முறையான நிரூபணம் தந்து உலகம் முழுக்கப் பரப்பினார். காசெட் 1937 அக்டோபரில் இறக்கும் வரை கின்னஸிலேயே இருந்தார். மருந்து வேலை செய்கிறதா, விதை விளைகிறதா என்று உலகில் யார் சிறிய சோதனை செய்தாலும் இவர் கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்த ஆலையிலிருந்து வெளிவந்தவற்றில் மிகப் பெரியது இந்தக் கட்டுரைதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கணக்கை எளிதாகக் காட்ட முடியுமா?

காசிமேட்டில் ஐஸ் பார் வாங்குகிறீர்கள். ஒரு பார் 50 கிலோ என்கிறார் ஐஸ்காரர். சந்தேகத்தில் நான்கு பாரை எடை போடுகிறீர்கள்: 47, 49, 50, 46. சராசரி 48. சராசரியிலிருந்து வித்தியாசங்கள் -1, 1, 2, -2. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. அதை, அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 1.83. அதை 4-இன் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது சராசரி எவ்வளவு தவறலாம் என்ற அளவு, 0.91.

பழைய முறைப்படி, நூற்றுக்கு 95 தடவை சரியாக வரவேண்டும் என்ற கணக்கில், இதை 1.96-ஆல் பெருக்கினால் 1.8 வரும். அதாவது உண்மையான சராசரி 46.2-க்கும் 49.8-க்கும் நடுவில். ஐம்பது உள்ளே இல்லை, ஐஸ்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவீர்கள். ஸ்டூடன்ட் முறைப்படி, நான்கே அளவுகள் என்றால் பெருக்கவேண்டிய எண் 3.18. இப்போது எல்லை 45.1 முதல் 50.9 வரை விரிகிறது. ஐம்பது உள்ளேயே இருக்கிறது. நான்கு பாரை வைத்து ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் போதாது, இன்னும் சில பார்களை எடை போடுங்கள். பத்து அளவுகள் என்றால் அந்த எண் 2.26, முப்பது என்றால் 2.05. அளவுகள் கூடக் கூடப் பழைய 1.96-ஐ நோக்கி இறங்கும். குறைவாகத் தெரிந்தவன் அதிகம் தயங்கவேண்டும் என்பதை எண்ணில் எழுதியவர் காசெட்.

மீன் நெட்டியைப் பீரில் போடுவார்கள் என்பது உண்மையா?

உண்மை. கத்தாழை, கூறல் போன்ற மீன்களின் வயிற்றில் முதுகெலும்பை ஒட்டிக் காற்றுப்பை இருக்கும், அதுதான் நெட்டி. மீனைக் கீறி அதை முழுசாக உருவி, ரத்தம் போகக் கழுவி, மேல்சவ்வை உரித்து வலையில் பரப்பிக் காயவைப்பார்கள். ஈரமாக இருக்கும்போது வெள்ளையாக வழுக்கும். காய்ந்தபின் மஞ்சளாக, வெளிச்சம் ஊடுருவும்படி, நகம் போலக் கெட்டியாகிவிடும். பெரிய கூறல் நெட்டிக்கு மீனைவிட விலை அதிகம். இப்போது பெரும்பகுதி சூப்புக்காகக் கிழக்காசியாவுக்குப் போகிறது.

பீர் ஆலைகள் இதைக் கரைத்துக் கூழாக்கிச் சேர்த்தன. நெட்டி முழுக்கப் புரதம். அதில் நேர்மின் ஏற்றம், ஈஸ்ட்டில் எதிர்மின் ஏற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் படியும், மேலே பீர் தெளிந்து நிற்கும். முதலில் ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீன் நெட்டி, பிறகு விலை குறைவான காட் மீன் நெட்டி, பிறகு இந்தியக் கடல்கள் உட்பட வெப்பக்கடல்களின் நெட்டி என்று பிரிட்டனுக்குப் போனது. சைவ உணவுக்காரர்கள் நெடுநாள் குரல் கொடுத்தபின், வேறு வடிகட்டும் முறைக்கு மாறுவதாக 2015-ல் கின்னஸ் அறிவித்தது. 2018-க்குள் எல்லா வகையிலும் நெட்டியை நிறுத்திவிட்டது.

"கின்னஸ் உடம்புக்கு நல்லது" என்கிறார்களே?

அது 1929-ல் வந்த விளம்பர வாசகம். இரும்புச் சத்து உண்டு என்று நம்பி அயர்லாந்தில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் ரத்தம் கொடுத்தவர்களுக்கும் அதைக் கொடுத்த காலமும் இருந்தது. அதிலுள்ள இரும்பு சொற்பம், ஒரு பிடி முருங்கைக்கீரை போதும். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே அறிவித்துவிட்டது. கம்பெனியும் அந்த வாசகத்தை இப்போது சொல்வதில்லை. குடியால் வீடு குலைந்ததை நம் தெருக்களில் கண்ணால் பார்த்தவன் நான். வரலாற்றைப் படியுங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள்.

மலேசியாவில் இருக்கும் மாமா அங்கேயே கின்னஸ் காய்ச்சுகிறார்கள் என்கிறாரே?

சரிதான். அயர்லாந்து, பிரிட்டனுக்கு வெளியே 1962-ல் நைஜீரியாவின் இகேஜாவில் ஒரு கின்னஸ் ஆலை வந்தது. சில ஆண்டில் மலேசியாவின் சுங்கை வேயில் இன்னொன்று. அந்த மலேசிய நிறுவனம் இன்று ஹைனெக்கென் மலேசியா. கின்னஸ் தாய்க் கம்பெனி 1997-ல் கிராண்ட் மெட்ரோபாலிட்டனோடு இணைந்து டியாஜியோ ஆனது, தலைமையகம் லண்டனில்.

சாதனைப் புத்தகம் எப்படி வந்தது? என் பிள்ளைக்குச் சாதனை பதிய பீர் கம்பெனிக்கு எழுதவேண்டுமா?

1951 நவம்பரில் கின்னஸ் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பறவை வேட்டைக்குப் போனார். குறிவைத்த பறவை ஒன்று தப்பிவிட்டது. ஐரோப்பாவில் வேட்டைப் பறவைகளில் எது வேகமானது என்று அன்று மாலை வாக்குவாதம். எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்கவில்லை. மதுக்கடைகளில் தினமும் இப்படி எத்தனை வாக்குவாதம் நடக்கும், தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நோரிஸ், ராஸ் மக்விர்ட்டர் என்ற இரட்டையர்கள் தொகுத்தார்கள். 1954-ல் 1000 பிரதிகள் இலவசமாகப் போயின, 1955-ல் முறையான பதிப்பு வந்து அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

இப்போது அதற்கும் பீருக்கும் உறவில்லை. டியாஜியோ 2001-ல் விற்றுவிட்டது. 2008 முதல் கனடாவின் ஜிம் பாட்டிசன் குழுமத்திடம் இருக்கிறது. விண்ணப்பம் கின்னஸ் உலக சாதனைகள் அமைப்பின் சொந்த இணையதளத்தில்தான். "உலக சாதனை" என்று வேறு பெயரில் சான்றிதழ் தருபவர்கள் நம் பகுதியில் பலர். ஒரு மாணவியின் வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, சட்டமிட்ட தாளும் பிளாஸ்டிக் கோப்பையும் வாங்கியிருந்தார்கள். அதற்கும் கின்னஸுக்கும் தொடர்பே இல்லை. யாராவது மேடை, கோப்பை, பத்திரிகைச் செய்தி என்று சேர்த்துப் பணம் கேட்டால், ரூபாய் கொடுக்கும் முன் அந்த அமைப்பின் முழுப் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.